வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டால் மகளிர் உரிமைத் தொகை நின்றுவிடுமா?

அனைவருக்கும் வணக்கம். ஓசூரில் வசிக்கும் நான், 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை முதல் மாதத்திலிருந்தே பெற்றுவருகிறேன். மகளுக்குத் திருமணமாகிவிட்டதால் காலியாக இருக்கும் அறையை, தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு மாதம் 3,000 ரூபாய் வாடகைக்குக் கொடுக்க எண்ணியுள்ளோம். மிகவும் நல்ல பெண். வெளியில் தங்க இடம் கிடைக்காமல் தவிக்கிறாள்.

என் கணவரின் ஆண்டு வருமானம் 2,10,000 ரூபாய். வாடகையாக வரும் 36,000 ரூபாயையும் சேர்த்தால், திட்டத்தின் வரம்பான இரண்டரை லட்சத்தை ஏறத்தாழ எட்டிவிடும்.

அதைவிட மின்சாரக் கணக்குதான் என்னைப் பெரிதும் கவலைப்படுத்துகிறது. ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் பயன்படுத்தும் குடும்பத்துக்குத் தகுதி இல்லை என்பது விதி. வீட்டில் இருப்பதோ ஒரே மீட்டர். அட்டையில் உள்ள ஆறு கணக்கீடுகளையும் கூட்டிப் பார்த்தபோது 3,120 வந்தது. அந்தப் பெண் இண்டக்‌ஷன் அடுப்பில் சமைப்பவள் என்பதால், மீதமுள்ள 480 யூனிட் போதுமா என்று தெரியவில்லை.

குடும்ப அட்டையில் இல்லாதவர் செலவழிக்கும் மின்சாரமும் எங்கள் கணக்கில்தான் சேருமா? அந்த அறைக்குத் தனி இணைப்பு கேட்டு விண்ணப்பிக்கலாமா? வாடகை வருமானத்தை வட்டாட்சியர் அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது நல்லதா? எதையும் மறைத்து வாங்க எனக்கு மனமில்லை. இதே நிலையைக் கடந்து வந்தவர்களோ விதிமுறை அறிந்தவர்களோ விளக்கினால் மிகுந்த நன்றியுடையவளாவேன். அடுத்த மாதம் முதல் தேதிக்குள் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.