‘ஸ்மியர்’: பூச்சா, இழுகலா? (வெள்ளிக்குள் வேண்டும்)

காட்பாடியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். கால்நடை ஆய்வக உதவியாளர் பயிற்சிக்கான செய்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘பிளட் ஸ்மியர்’ (நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக ஸ்லைடு என்னும் கண்ணாடித் தகட்டில் மெல்லப் பரப்பிய இரத்தம்) என்பது மட்டும் ஒரு பக்கத்தில் ‘இரத்தப் பூச்சு’, அடுத்ததில் ‘தேய்ப்பு’, படத்தின் கீழே ‘ஸ்மியர்’ என்று மூன்று வேடம் போடுகிறது. ஒன்று சொல்லுங்கள். வேலை இதுதான்: ஸ்லைடின் ஒரு முனையிலிருந்து ஒரு செ.மீ. தள்ளி 2–3 மி.மீ. அகலத்தில் ஒரு துளி. இன்னொரு ஸ்லைடை 30 முதல் 45 பாகை சாய்த்துப் பின்னால் நகர்த்தித் துளியைத் தொட வேண்டும். இரத்தம் விளிம்பு நெடுகப் பரவியதும் தயங்காமல் ஒரே ஓட்டமாக முன்னே தள்ள வேண்டும். 3–4 செ.மீ. நீளத்தில் நாக்கு வடிவில் படியும்.

ஆரணியிலிருந்து:

தேய்ப்பு போதுமே ஐயா. நல்ல தமிழ், எல்லாருக்கும் புரியும். கூடவே இரத்தத்தைக் ‘குருதி’ ஆக்கிவிடுங்கள். குறுந்தொகையின் முதல் பாட்டிலேயே ‘குருதிப் பூவின் குலைக் காந்தட்டே’ என்று இருக்கிறது.

குடியாத்தத்திலிருந்து:

அதே பாட்டின் முதல் வரியையும் பாருங்கள்: ‘செங்களம் படக் கொன்று அவுணர்த் தேய்த்த’. அவுணர் என்றால் அசுரர், அங்கே தேய்த்தல் என்றால் அழித்தல். மாணவன் தேய்த்தால் வெள்ளணுக்களுக்கும் அவுணர் கதிதான்! விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சாய்த்த ஸ்லைடு இரத்தத்தின் மேல் ஏறுவதே இல்லை. அது முன்னே போக, இரத்தம் அதன் பின்னால் இழுபட்டு வருகிறது. அழுத்தித் தேய்த்தால் லிம்போசைட் என்னும் வெள்ளணுக்கள் நசுங்கி, உருவம் தெரியாத ஊதாத் திட்டுகளாக நிற்கும். ஆகவே ‘இழுகல்’. இழுகுதல் என்றால் பூசுதல், அகராதியில் உள்ள சொல். இழு, இழுகு, இழுது எல்லாம் ஒரே வேர் என்பது என் கணிப்பு. இழுது சங்கத் தமிழில் நெய், வெண்ணெய். வழுவழுவென்று இழுபடும் பொருள். அங்கிருந்து இழை, இழையிலிருந்து இலங்கையில் திசுவுக்கு வழங்கும் ‘இழையம்’...

காட்பாடியிலிருந்து:

ஐயா, வெள்ளிக்கிழமை.

ஆம்பூரிலிருந்து:

இழுகல் என்று அச்சிட்டால் மெய்ப்புத் திருத்துபவர் எழுத்துப்பிழை என்று ‘இழுவல்’ ஆக்குவார், படிக்கிறவர் ‘இழுப்பு’ என்று வாசிப்பார். ஆட்டுக்கு மூச்சிரைப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். அதோடு, எல்லா ஸ்மியரும் இழுப்பதில்லை. ஒட்டுண்ணி தேடும் தடித்த ஸ்மியரில் துளியை ஸ்லைடின் மூலையால் வட்டமாகக் கலக்கி ஒரு செ.மீ. வட்டாக்குகிறோம். இழுப்பு எங்கே? மண்ணீரலை வெட்டி, வெட்டுமுகத்தை ஸ்லைடில் ஒற்றி எடுப்பதும் ஸ்மியர்தான். ‘பூச்சு’ இவை அத்தனைக்கும் பொருந்தும்: மென்பூச்சு, தடிப்பூச்சு, ஒற்றுப்பூச்சு.

ராணிப்பேட்டையிலிருந்து:

பூச்சுக்கு என் வாக்கு, ஒரு நிபந்தனையோடு. அணுக்களுக்கு நிறமேற்றும் சாயத்துக்கு ‘பூசு’ என்ற வினை கையேட்டில் எங்குமே வரக்கூடாது. லீஷ்மன் சாயத்தை ‘ஊற்று’. 2 நிமிடம் கழித்து அதைக் கொட்டாமல் இரண்டு பங்கு பி.எச். 6.8 தாங்கல் நீரை (‘பஃபர்’, அமில-கார அளவு மாறாமல் நிற்கும் நீர்) ‘சேர்’. 8–10 நிமிடம் விட்டுக் ‘கழுவு’. தாங்கல் நீருக்குப் பதில் காரத்தன்மையுள்ள குழாய்த் தண்ணீரை ஊற்றினால் எல்லாம் நீலமடிக்கும், ஈசினோஃபில் என்னும் வெள்ளணுவின் ஆரஞ்சுத் துகள்கூட மங்கிவிடும். இன்னொன்று: காய்ந்த பூச்சை நிலைப்படுத்தாமல் மேசையில் விட்டுப் போகாதீர்கள் என்று தடித்த எழுத்தில் போடுங்கள். எறும்பும் ஈயும் தின்றுவிடும்.

ஆரணியிலிருந்து:

பூச்சு என்றால் சுவர்ப்பூச்சு, நகப்பூச்சு. ‘படலம்’ என்றால் என்ன கேடு?

ஆம்பூரிலிருந்து:

கண்ணில் விழுவதும் படலம், காப்பியத்தில் வருவதும் படலம். ‘எலும்பு மச்சைப் படலம்’ (மச்சை என்பது எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை) என்றால் உடலிலேயே இருக்கும் ஒரு சவ்வு என்று மாணவர் எழுதுவார். பூச்சு என்றால் நாம் செய்தது என்பது விளங்கும்.

காட்பாடியிலிருந்து:

சரி. பூச்சு மெலிந்து முடியும் நுனிக்கு, ‘ஃபெதர்ட் எட்ஜ்’? இப்போது ‘இறகு விளிம்பு’ என்று இருக்கிறது.

குடியாத்தத்திலிருந்து:

தோகை. மயிலுக்கும் தோகை, கரும்புக்கும் தோகை. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இறகைவிடக் கரும்புத் தோகை நன்றாகத் தெரியும். நுனியில் கீற்றுக் கீற்றாக மெலிவது அப்படியே பொருந்தும்.

ராணிப்பேட்டையிலிருந்து:

அருமை. வெள்ளணுக்களை எண்ணவேண்டிய இடம் தோகை அல்ல, தோகைக்குச் சற்று முன்னால், சிவப்பணுக்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கிடக்கும் இடம் என்று சேருங்கள். தோகையிலேயே பார்த்தால் மோனோசைட் போன்ற பெரிய அணுக்கள் ஒதுங்கிக் குவிந்திருக்கும், எண்ணிக்கை தப்பும். துளி வைத்த தடித்த தலைப்பக்கம் பார்த்தால் சிவப்பணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். ஆட்டு இரத்தத்தில் நடுவெளிர்ப்பை (சிவப்பணுவின் நடுவில் வெளுத்துத் தெரியும் பகுதி) தேடவேண்டாம் என்றும் ஒரு வரி. மனிதச் சிவப்பணு 7–8 மைக்ரான், ஆட்டினுடையது 3–4 தான்; வெளிர்ப்பு தெரியாது. கோழியில் சிவப்பணுவுக்கே உட்கரு உண்டு, நீள்வட்டம். அதை லிம்போசைட் என்று எண்ணிவிடுவார்கள். கோழிக்குத் தடிப்பூச்சும் சரிவராது. சிவப்பணு உடைந்தாலும் உட்கரு அப்படியே நின்று மறைக்கும்.

ஆரணியிலிருந்து:

‘குருதி’ என்ன ஆயிற்று?

ஆம்பூரிலிருந்து:

பரிசோதனைச் சீட்டில் ‘இரத்தம்’ என்றுதான் இருக்கிறது. அதை மாற்றிய பிறகு கையேட்டை மாற்றலாம்.

காட்பாடியிலிருந்து:

இரத்தப் பூச்சு, தடிப்பூச்சு, ஒற்றுப்பூச்சு, தோகை. அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். சோகை கண்ட ஆட்டின் நீர்த்த இரத்தத்துக்குச் சாய்வைக் கூட்டவேண்டும், கெட்டியானதற்குக் குறைக்கவேண்டும் என்ற குறிப்பையும் கடைசி நேரத்தில் சேர்த்தாயிற்று.

குடியாத்தத்திலிருந்து:

தோகையை எடுத்துக்கொண்டதற்கு நன்றி. ஆனால் சுண்ணாம்பைப் பூசலாம், சந்தனத்தைப் பூசலாம். ஒரு துளியை ஒரே ஓட்டத்தில் இழுத்து விடுவதற்குப் பூச்சு என்று பெயர் வைப்பதை நான் ஏற்கவில்லை. ‘இழுகு’ பற்றித் தனி இழையில் எழுதுகிறேன்.

காட்பாடியிலிருந்து:

எழுதுங்கள் ஐயா. திங்களுக்குப் பிறகு.