பள்ளிக்கரணைப் படங்கள்: இருப்பிடம் காணாமல் போவதும் தவறாகக் காட்டுவதும்

கேள்வி – சதுப்புநிலத் தன்னார்வலர்:
சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரங்களில் மண்ணும் கட்டடக் கழிவும் கொட்டப்படும் இடங்களை நாங்கள் எட்டுப் பேர் மாதம் ஒருமுறை கைபேசியில் படமெடுத்து வருகிறோம். 2022இல், உலகளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்ட அந்நிலத்தின் கரை எங்கே சுருங்குகிறது என்பதை வரைபடத்தில் காட்ட வேண்டும் என்பதே எங்கள் நோக்கம். ஆனால் வாட்ஸ்ஆப் குழுவில் சேர்ந்த படங்கள் எதிலும் இருப்பிடத் தகவல் இல்லை. கைவசமுள்ள சில மூலப்படங்களோ வரைபடத்தில் குப்பைமேட்டைச் சாலையின் நடுவே காட்டுகின்றன. இதை எவ்வாறு சரிசெய்வது?

மறுமொழி 1 – நிலவரைபடப் பணியாளர்:
வாட்ஸ்ஆப்பில் படத்தைப் படமாகவே அனுப்பினால், அது சுருக்கப்படுவதோடு உள்ளே பதிந்திருக்கும் ஆயத்தொலைவுகளும் (இருப்பிடத்தைக் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) நீங்கிவிடும். அதே கோப்பை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் தகவல் அப்படியே வந்து சேரும். பழைய படங்களின் மூலக்கோப்புகள் எடுத்தவர்களின் கைபேசியில் இன்னும் இருக்கலாம். இடம் போதவில்லை என்று அவர்கள் அழித்துவிடுவதற்குள் கேட்டு வாங்குங்கள்.

மறுமொழி 2 – கரையோர ஆய்வு மாணவி:
சாலையின் நடுவே காட்டுவது பிழையன்று. படத்தில் பதிவாவது கைபேசி நின்ற இடமே தவிர, குப்பைமேடு கிடக்கும் இடம் அன்று. மேலும், திறந்தவெளியிலும் கைபேசியின் ஜிபிஎஸ் ஏறத்தாழ 5 மீட்டர் வரை விலகக்கூடும் என்பதால், கரை இரண்டு மீட்டர் நகர்ந்ததை ஆயத்தொலைவைக் கொண்டு மட்டும் நிறுவ முடியாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2017இல் தொடங்கிய, பொதுமக்களின் படங்களைக் கொண்டு கரைமாற்றத்தைக் கண்காணிக்கும் கோஸ்ட்ஸ்னாப் திட்டத்தில், கடற்கரையில் கைபேசியை வைக்கும் தாங்கி ஒன்றை நிலையாக நட்டிருப்பதால், யார் வந்து எடுத்தாலும் ஒரே கோணத்தில் படம் அமைகிறது. தாங்கி நட உங்களுக்கு அனுமதி கிடைக்காவிட்டாலும், பாலத்தின் கைப்பிடிச் சுவர் போன்ற அசையாத ஒன்றை ஒட்டி நின்று, தொலைவிலுள்ள மாறாத இரண்டு அடையாளங்கள் எப்போதும் ஒரே நேர்கோட்டில் வருமாறு எடுக்கலாம். இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன்: வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரிப் படத்தை மே மாதப் படத்தோடு ஒப்பிட்டால், நீர் வற்றியதையே நிலம் நிரப்பப்பட்டதாகக் கொள்ள நேரும். ஒரே மாதத்தை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுங்கள்.

மறுமொழி 3 – பறவை நோக்கர்:
பறவைக் கூடுகள் தெரியும் படங்களை ஆயத்தொலைவோடு பொதுவில் வைக்க வேண்டாம். உயிரினங்களைக் கண்ட இடங்களைப் பொதுமக்கள் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளம்கூட அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் துல்லியமான இடத்தை மறைத்தே காட்டுகிறது. அதிகாரிகளிடம் முறையிடும்போது மூலக்கோப்போடு, எடுத்தவர் அன்றே எழுதிய நாட்குறிப்பையும் இணையுங்கள். படத்தினுள் இருக்கும் இருப்பிடத்தை எவரும் எளிதில் மாற்றிவிடலாம் என்பதால் அது தனியே சான்றாக நிற்காது.

சதுப்புநிலத் தன்னார்வலர்:
மூவருக்கும் நன்றி. மூலக்கோப்புகளை இன்றே கேட்டிருக்கிறோம். வரும் ஞாயிறன்று மூன்று நிலையிடங்களைத் தேர்ந்து, நிற்கும் இடத்தைத் தரையில் வண்ணம் பூசிக் குறிக்கவுள்ளோம். மழைக்காலத்தில் அக்குறி நீரில் மூழ்கும் ஓரிடத்துக்கு மட்டும் மாற்று வழி தேவைப்படுகிறது.