லுக்பானில் மே 15: பாஹியாஸ் பார்த்தவர்களின் அனுபவங்கள்

பிலிப்பைன்ஸ் நாட்டின் லுக்பான் ஊரில் புனித இசிதோரின் திருநாளன்று நடக்கும் அறுவடை விழாவான பாஹியாஸைக் காண விரும்புகிறவர்கள் முந்தைய நாள் மாலையே அங்கே போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது. மே 15 அன்று விடிந்தபின் மணிலாவிலிருந்து புறப்பட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் கூட்டத்தைத்தான் பார்ப்பார்கள். அலுவலக நண்பர்களுடன் நான் சென்றபோது இரவெல்லாம் தெருக்கள் விழித்திருந்தன. பனாஹாவ் மலையடிவாரத்தில் கெசோன் மாகாணத்தில் உள்ள அந்த ஊரில், குடும்பம் குடும்பமாக ஏணி போட்டு ஏறி, நெற்கதிர், பூசணி, பாகற்காய், வாழைத்தார், அன்னாசி, ஓலைத்தொப்பி என்று கிடைத்ததையெல்லாம் கட்டி வீட்டு முகப்பையே மறைத்துக்கொண்டிருந்தார்கள். பூண்டு மணக்கும் லொங்கனிசா என்ற பன்றித் தொத்திறைச்சியைக்கூட ஒரு வாசலில் தோரணமாகத் தொங்கவிட்டிருந்தார்கள்.

எங்களை அதிக நேரம் நிறுத்தி வைத்தது கீப்பிங். அரிசிமாவைச் சாயம் சேர்த்துக் கரைத்து, காப்பி, கொக்கோ போன்றவற்றின் இலைமீது மெல்லியதாகத் தடவி, ஆவியில் வேகவைத்து, ஆறியதும் உரித்தெடுத்து, சுருண்டுவிடாதபடி பாரம் ஏற்றி உலர்த்துகிறார்கள். இலை வடாம் வார்க்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் செய்முறை புதிதாகத் தோன்றாது. ஆனால் இலையின் நரம்புகள் அத்தனையும் பதிந்திருக்கும் அந்தத் தகடுகளைச் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக அடுக்கி, அரான்யா எனப்படும் சரவிளக்குகளாகக் கூரையிலிருந்து தொங்கவிடும்போதுதான் அதன் அழகு புரிகிறது. விழா முடிந்தபின் அவற்றைப் பொரித்துத் தின்னவும் செய்யலாம். ஈரம் பட்டால் கீப்பிங் துவண்டுவிடும் என்பதால், நாங்கள் தங்கிய வீட்டுப் பாட்டி இரவு முழுவதும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விழாவின் காரணத்தை அவரே விளக்கினார். முன்பு உழவர்கள் விளைச்சலைக் கோவிலுக்கு எடுத்துச்சென்று பங்குத்தந்தையிடம் மந்திரித்து வாங்கி வந்தார்களாம். அங்கே இடம் போதாமல் போனபோது, அவரவர் வாசலில் வைத்துவிட, பங்குத்தந்தை தெருவழியே வந்து மந்திரிக்கும் வழக்கம் ஏற்பட்டதாம். பவனி செல்லும் வழியை ஆண்டுதோறும் மாற்றுவதால் ஒவ்வொரு தெருவுக்கும் முறை வருகிறது. பல ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த முறை என்பதால்தான் பாட்டிக்கு அவ்வளவு பதற்றம்.

காலைத் திருப்பலிக்குப் பின் புனித இசிதோரின் சுரூபம், அதாவது சிலை, பவனியாக வந்தது. ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் நகரத்தில் கூலிக்கு உழுத இவர் 1622இல் புனிதராக அறிவிக்கப்பட்டவர். இவர் செபத்தில் மூழ்கியிருந்தபோது வானதூதர்கள் வந்து இவருக்காக ஏர் ஓட்டினார்கள் என்பது மரபுக்கதை. எங்கள் வாசலைச் சுரூபம் கடந்தபோது பாட்டி சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு, பின்னால் வந்த உறவினர்களைச் சாப்பிட அழைத்தார். முள்கரண்டியும் கையும் படாமல், வாழையிலையிலிருந்து நேராக வாயால் தின்ன வேண்டிய பன்சித் ஹப்ஹப் என்ற நூடுல்ஸை எங்களுக்கும் கொடுத்தார்கள். சட்டையில் சிந்தாமல் தின்றவர் எங்களில் எவருமில்லை.

சிறந்த அலங்காரத்துக்குப் பரிசு உண்டு. அந்தப் போட்டியால் சில வீடுகள் கண்காட்சி அரங்கைப் போல ஆகிவிடுகின்றன என்பது என் கருத்து. பவனி செல்லாத ஒரு சந்தில், கதவருகே ஒரு நெற்கட்டை மட்டும் சாத்தி வைத்திருந்த வீடு எனக்கு அவற்றைவிடப் பிடித்தது.

•

மேலே எழுதிய நண்பர் லுக்பானோடு நிறுத்திக்கொண்டார். நான் அதே புனிதரின் திருநாளை, அதே மாகாணத்தின் சரியாயாவில் பார்த்தேன். அங்கே அலங்காரம் அழகு பார்ப்பதற்காக மட்டும் அன்று. காய்கனிகளையும் தின்பண்டங்களையும் மூங்கிலில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். புனிதரின் சுரூபம் கடந்த மறுகணமே கூட்டம் பாய்ந்து அனைத்தையும் பறித்துக்கொள்கிறது. வீட்டுக்காரர்கள் இதற்கு வருந்துவதில்லை. மாடியிலிருந்தபடி இன்னும் கொஞ்சம் அள்ளி வீசுகிறார்கள். பக்கத்து ஊரான தயாபாஸில் சுமான் என்னும் ஒட்டரிசிப் பலகாரத்தைப் பவனியின்போது கூட்டத்தை நோக்கி எறிவது வழக்கம். மூன்று ஊர்களிலும் மே 15 தான் முக்கிய நாள் என்பதால், ஒரே பயணத்தில் மூன்றையும் நிதானமாகப் பார்க்க முடியாது. குழந்தைகளுடன் செல்கிறவர்கள் லுக்பானைத் தேர்ந்துகொள்ளலாம். சரியாயாவின் நெரிசல் சிறுவர்களுக்கு ஏற்றதன்று.