முழுப் பொருளும் வேண்டும், 10 மைக்ரான் துளையும் தெரிய வேண்டும்: எக்ஸ்ரே சிடி (CT) ஸ்கேனில் முடியுமா?

கேள்வி:
45 மி.மீ. அகல அலுமினிய வார்ப்பு ஒன்று, உள்ளே 10 மைக்ரான் அளவு காற்றுத் துளைகளைத் தேடுகிறேன். எக்ஸ்ரேயைப் பதிவு செய்யும் டிடெக்டரில் குறுக்கே 2000 பிக்சல், ஒவ்வொன்றும் 100 மைக்ரான். பொருள் முழுதாக அடங்கும்படி வைத்தால் துளை எதுவும் தெரியவில்லை, எங்கே தப்பு செய்கிறேன்?

பதில் 1:
தப்பு எதுவும் இல்லை, கணக்கே அப்படித்தான். உருப்பெருக்கம் 4 வைத்தால் பார்வைப் பரப்பு 50 மி.மீ., வாக்ஸல் (முப்பரிமாணப் படத்தின் மிகச் சிறிய கனசதுரம்) 25 மைக்ரான். உங்கள் துளை அதில் பாதிகூட இல்லை. துளைக்குக் குறுக்கே இரண்டு வாக்ஸலாவது வேண்டும் என்றால் 5 மைக்ரான், அதாவது உருப்பெருக்கம் 20, ஆனால் அப்போது பரப்பு வெறும் 10 மி.மீ. தான்.

பதில் 2:
அதோடு குவியப்புள்ளியையும் (குழாயில் எக்ஸ்ரே கிளம்பும் இடம்) பாருங்கள், பலரும் இதை மறந்துவிட்டு டிடெக்டரைத் திட்டுவார்கள். புள்ளி 10 மைக்ரான் என்றால் 20 மடங்கில் டிடெக்டரில் விழும் மங்கல் 190 மைக்ரான், கிட்டத்தட்ட இரண்டு பிக்சல். உலோகத்தை ஊடுருவ குழாயின் வாட்டைக் கூட்டினால் புள்ளி இன்னும் பெருக்கும்.

கேட்டவர்:
சரி, அப்போ வார்ப்பைச் சின்னதாக வெட்டித்தான் ஆக வேண்டுமா?

பதில் 1:
வெட்ட முடிந்தால் அதுதான் சுத்தம். முடியாதென்றால் முதலில் முழுசாக ஒரு ஸ்கேன், அப்புறம் சந்தேகமான இடத்தில் மட்டும் நெருக்கமாக இன்னொன்று. அந்த நெருக்கமான ஸ்கேனின் விளிம்பில் செயற்கையான பளபளப்பு வரும், அதைத் துளை என்றோ அடர்த்தி என்றோ நம்பிவிடாதீர்கள்.