லண்டனில் புது லைசென்ஸ், கட்டுப்படியாகாத கார் இன்சூரன்ஸ்: வழி சொல்லுங்கள்

வணக்கம். ஈஸ்ட் ஹாமில் இருக்கிறேன். இந்திய லைசென்ஸை வைத்து இங்கே 12 மாதம்தான் ஓட்டலாம் என்பதால் தியரி எழுதி, ரோடு டெஸ்ட்டும் பாஸ் செய்து, இப்போதுதான் யூகே லைசென்ஸ் கைக்கு வந்தது.

பார்த்து வைத்திருப்பது பழைய டொயோட்டா அய்கோ, பெட்ரோல். யூலெஸ் (புகை அதிகம் விடும் வண்டிகளுக்கு லண்டனில் வாங்கும் கட்டணம்) வராது. 1 முதல் 50 வரை போகும் இன்சூரன்ஸ் குரூப்பிலும், அதாவது கார்களை ரிஸ்க் பார்த்துப் பிரிக்கும் வரிசையிலும், அடியில்தான் இருக்கிறது. கார் விலை 2,800 பவுண்டு. இன்சூரன்ஸ் வருடத்துக்கு 2,300! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். தேர்ட் பார்ட்டி மட்டும் கேட்டால் அது இன்னும் அதிகம், என்ன கணக்கோ.

கோவையில் வருடக்கணக்காக ஓட்டியதையும், அங்கே சேர்ந்த நோ கிளெய்ம் போனஸையும் நான் கேட்ட இடங்களில் யாரும் ஏற்கவில்லை. நண்பர் பெயரில் பாலிசி எடுத்து நான் ஓட்டலாம் என்றார் ஒருவர். அது இங்கே மோசடிக் குற்றம், அந்த யோசனை வேண்டாம்.

பிளாக் பாக்ஸ் (நாம் ஓட்டும் விதத்தைப் பதிவு செய்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஸ்கோர் அனுப்பும் கருவி) போட்டவர்கள் இருக்கிறீர்களா? எனக்கு நைட் ஷிஃப்ட், அதிகாலை இரண்டு மணிக்கு ஓட்டினால் ஸ்கோர் அடிவாங்குமா? அப்புறம், இந்திய அனுபவத்தைக் கணக்கில் எடுக்கும் புரோக்கர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். மாத இறுதிக்குள் கார்க்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும்.