படத்தை நீக்கிய பிறகும் பணம் கேட்கலாமா?

தேக்கா ராஜன்:
சிங்கப்பூரில் உள்ள எங்கள் சாப்பாட்டுக் கடையின் இணையத்தளத்தில் ஒரே ஒரு வாழையிலைச் சாப்பாட்டுப் படத்தை அனுமதியில்லாமல் போட்டதாக 1,400 வெள்ளி கேட்டு, பட உரிமையாளர்கள் சார்பில் பணம் கேட்கும் வெளிநாட்டு முகவர் நிறுவனம் ஒன்று கடிதம் அனுப்பியிருக்கிறது. படத்தைக் கூகுளில் தேடி எடுத்துப் போட்டது தளத்தைச் செய்துகொடுத்த பையன். கடிதம் வந்த அன்றே நீக்கிவிட்டேன். இது தெரிந்தும் ஒருவர் இங்கே, "திருடியவருக்குப் பேரம் பேச வாய் கிடையாது, பணத்தைக் கட்டிவிடுங்கள்" என்று எழுதுகிறார். என் அப்பா காலத்திலிருந்து கடன் பாக்கி வைக்காத குடும்பம் எங்களுடையது. யாரைத் திருடன் என்கிறார்?

படப்பெட்டி:
எழுதியவன் நான்தான், ஒளிய மாட்டேன். நான் படம் எடுத்துப் பிழைப்பவன். அந்தப் படத்தைக் காட்டித்தானே அண்ணன் ஆர்டர் பிடித்தீர்கள்? வாடகை தராமல் குடியிருந்துவிட்டுச் சாவியைக் கொடுத்தால் வாடகை கழிந்துவிடுமா? பதிப்புரிமை மீறப்பட்ட நாளிலிருந்து 6 ஆண்டு வரை வழக்குப் போடலாம். நீக்கியது இனிமேல் மீறாமல் இருப்பதற்கு. முன்பு மீறியது அப்படியேதான் நிற்கிறது.

ஜூரோங் மாறன்:
தம்பி வழக்கறிஞர் ஆகிவிட்டார். ராஜன், பேசாமல் இருங்கள். ஒரு படத்துக்காக எவனும் விமானம் ஏறி வந்து இங்கே வழக்காட மாட்டான். மிஞ்சிப் போனால் சின்னத் தொகைத் தகராறுகளைப் பார்க்கும் சிறு கோரிக்கை நடுவர் மன்றம்தான்.

படப்பெட்டி:
பதிப்புரிமை வழக்கைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் எடுப்பதில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதி மற்றவரைக் குழியில் தள்ளாதீர்கள். அவர்கள் விமானம் ஏறவும் வேண்டாம், இங்கேயே வழக்கறிஞர் வைத்தால் போதும். உண்மையான நட்டத்தை நிரூபிக்காமலே ஒரு படைப்புக்கு 10,000 வெள்ளி வரை இழப்பீடு கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

தேக்கா ராஜன்:
பத்தாயிரம் என்று பயமுறுத்தினால் ஆயிற்றா? நான் அன்றே நீக்கிவிட்டேன். அதற்குப் பதில் சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ் செல்வி:
10,000 என்பது உச்சவரம்பு. எல்லாருக்கும் அதுவே விழும் என்று படப்பெட்டி சொல்வது சரியில்லை. எவ்வளவு என்பதை நீதிமன்றம் பல விஷயங்களைப் பார்த்து முடிவு செய்யும். ராஜன் அண்ணன், பேசாமலும் இருக்காதீர்கள், உடனே கட்டியும் விடாதீர்கள். அந்தப் படம் யாருடையது, கடிதம் அனுப்பியவருக்கு அதைக் கேட்க என்ன அதிகாரம், அதே படத்துக்கு வழக்கமாக என்ன உரிமக் கட்டணம் என்று எழுதிக் கேளுங்கள். 2007இல் ஓடெக்ஸ் என்ற விநியோக நிறுவனம் அனிமே எனும் ஜப்பானிய கார்ட்டூன் படங்களை இணையத்திலிருந்து இறக்கியவர்களிடம் 3,000 முதல் 5,000 வெள்ளி வரை கேட்டதே, நினைவிருக்கிறதா? இறக்கியவர்கள் யார் என்று அது கேட்டபோது, இணையச் சேவை நிறுவனமான பசிபிக் இன்டர்நெட் தன் வாடிக்கையாளர்களின் பெயர்களைத் தர மறுத்தது. பெரும்பாலான படங்களுக்கு ஓடெக்ஸ் உரிமையாளரும் அல்ல, தனக்கு மட்டுமான தனியுரிமம் பெற்றதும் அல்ல என்று நீதிமன்றம் அதன் கோரிக்கையை ஏற்கவில்லை.

ஜூரோங் மாறன்:
கேட்டீர்களா? ஓடெக்ஸுக்கே ஒன்றும் கிடைக்கவில்லை!

படப்பெட்டி:
பாதிக் கதையோடு கைதட்டாதீர்கள். 2008 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தில் ஜப்பானிய உரிமையாளர்களே முன்வந்தபோது பெயர்களைக் கொடுக்க உத்தரவானது. உரிமையாளர் கேட்டால் கேட்டதுதான். அக்கா சொல்கிற ஆதாரத்தைத் தாராளமாகக் கேளுங்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் ஆதாரம் வந்த பிறகும் "அன்றே நீக்கிவிட்டேன்" என்றுதான் சொல்வீர்கள்.

தேக்கா ராஜன்:
ஆமாம், சொல்வேன். ஏனென்றால் அன்றே நீக்கிவிட்டேன். அது மீறல் என்று எனக்குத் தெரியவே தெரியாது. தெரியாமல் செய்தவனுக்கு இழப்பீடு கிடையாது என்று நானும் கேட்டு வைத்திருக்கிறேன்.

உட்லண்ட்ஸ் செல்வி:
அப்படி ஒரு விதி உண்டு. ஆனால் தெரியாது என்றால் மட்டும் போதாது, சந்தேகப்பட நியாயமான காரணமும் இருந்திருக்கக் கூடாது. அப்போதும் படத்தால் வந்த லாபத்தைக் கணக்குக் கேட்கலாம். பையனோடு செய்த ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். படங்களுக்கு அவன் பொறுப்பு என்று இருந்தால் அவனிடம் மீட்கலாம்.

படப்பெட்டி:
கூகுளில் தேடி எடுத்த படத்தைச் சந்தேகப்படக் காரணம் இல்லையாம்! உங்கள் கடைப் பெயர்ப் பலகையை நான் கழற்றிக்கொண்டு போனால் "தெரியாது" என்பதை ஒப்புக்கொள்வீர்களா? நம்மவர்கள் எல்லாருக்கும் இதே பழக்கம். மாறன் செயலாளராக இருக்கும் சங்கம், சென்ற ஆண்டு பொங்கல் மலரில் என் படத்தை அட்டையிலேயே போட்டது. என் பெயர் எங்கேயும் இல்லை.

ஜூரோங் மாறன்:
அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வெறுப்பா? சங்கம் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படம் சங்கத்துக்குச் சொந்தம்.

படப்பெட்டி:
அது பழைய சட்டம். 2021 நவம்பர் 21இல் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படமும் எடுத்தவனுக்கே சொந்தம். பொதுவில் பயன்படுத்தினால் படைத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் வந்தது. அச்சுக்கூடத்துக்குப் பெயர் போட்டீர்கள், தலைவரின் மருமகனுக்கு நன்றி போட்டீர்கள், எனக்கு ஒரு வரி கிடைக்கவில்லை.

தேக்கா ராஜன்:
உங்கள் சங்கச் சண்டையை என் தலையில் கட்டாதீர்கள். நான் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

படப்பெட்டி:
முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன். பிடிக்காத பதில் என்பதால் பார்க்க மறுக்கிறீர்கள்.

ஜூரோங் மாறன்:
மலர் அச்சாகி விநியோகமும் ஆகிவிட்டது. இனிப் பேச வேண்டுமானால் செயற்குழுவில் வந்து பேசுங்கள் தம்பி.

படப்பெட்டி:
செயற்குழுக் கூட்டம் என்றைக்கு என்று தேதியை இங்கேயே எழுதுங்கள். வருகிறேன், மலரையும் கொண்டு வருகிறேன்.