மறுமொழி: பலர் பணத்துக்காக ஓடும் கொமடிப் படங்களுக்கு ஒரு சொல் ("விழுந்தடி படம்")

வணக்கம்.

இந்த வகைக் கொமடிப் படங்களுக்குத் தமிழில் பெயர் தேடும் கோவை அண்ணாவின் மடலையும், அதற்குக் கொழும்பிலிருந்து தங்கச்சி 'பந்தயம்' என்ற சொல்லைச் சொல்லி எழுதிய பதிலையும் வாசித்தேன். அண்ணா எழுதியது:

> ஒருவரை ஒருவர் அறியாத பலர் பணத்துக்காக ஓடும் 'மேட்கேப்' (கிறுக்குத்தனமான) படங்களைக் 'கூட்டு நகைச்சுவைப் படம்' என்று குறித்துவிடலாம்.

அண்ணா, 'கூட்டு' வேண்டாம். கூட்டு முறிகிற இடத்தில்தான் இந்தப் படங்களில் ஓட்டமே தொடங்குகிறது.

இந்த வகைக்கு எல்லோரும் முதலில் சொல்லும் படம் ஸ்டான்லி கிராமர் இயக்கிய 'இட்ஸ் எ மேட் மேட் மேட் மேட் வேர்ல்ட்' (1963). மலைப்பாதையில் கார் உருண்டு சாகக் கிடக்கும் ஒருவன், சாண்டா ரொசிட்டா பூங்காவில் பெரிய 'டபிள்யூ' எழுத்து ஒன்றின் கீழே 350,000 டொலர் புதைத்து வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறான். அவனைப் பார்க்கக் கீழே இறங்கியவர்கள் 5 பேர். தெருவில் நிற்கும் வண்டிகள் 4. வண்டியிலேயே இருந்துவிட்டவர்களையும் சேர்த்தால் 8 பேர். அவர்கள் எடுத்த எடுப்பில் ஓடிவிடவில்லை. தெருவோரம் நின்று பங்கு பேசுகிறார்கள். வண்டிக்கு ஒரு பங்கா, இறங்கினவனுக்கு ஒரு பங்கா, தலைக்கு ஒரு பங்கா? எந்தக் கணக்குச் சொன்னாலும் ஒருவனுக்குக் குறைகிறது. அப்புறம்தான் அவரவர் வண்டியை நோக்கிப் பாய்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் பங்குக் கிணறு இருக்கிற வளவில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, வழி வாய்க்கால் எப்படி என்பதெல்லாம் காணி உறுதியில் (பத்திரத்தில்) எழுதியிருக்கும். அப்படியிருந்தும் இன்றைக்கு இறைப்பு முறை யாருடையது என்று வேலியோரம் குரல் உயரும். ஆனால் அவர்கள் நாளைக்கும் அதே கிணற்றில்தான் தண்ணீர் அள்ள வேண்டும். அதனால் சண்டை ஓரளவில் நின்றுவிடும். படத்தில் வருகிறவர்களோ அன்று காலையில் முதல்முறை முகம் பார்த்தவர்கள், நாளைக்கு ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியதில்லை. அந்நியர்கள் என்பது இந்த வகைக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு எனக்குத் தெரிந்த விடை இதுதான்.

பல நடிகர்கள் சமமாக நடிப்பதைக் குறிக்கும் 'என்செம்பிள்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மட்டும் 'கூட்டு நடிப்பு' சரி. அது நடிகர்களைப் பற்றிய சொல். நாயகன் என்று ஒருவரை முன்னே நிறுத்தாமல் எல்லோரும் சமமாகச் சுமக்கிறார்கள். எங்கள் நாட்டுக்கூத்தான காத்தவராயன் கூத்தில் நாயகனான ஒரே காத்தானைப் பலர் மாறி மாறி ஆடுவார்கள். அங்கே பலர் சேர்ந்து ஒரு நாயகனை உருவாக்குகிறார்கள், இங்கே பலர் இருந்தும் நாயகன் இல்லை. நடிகர்களிடம் இருக்கிற இந்தக் கூட்டைப் பாத்திரங்கள்மேல் ஏற்றினால் பொருள் தலைகீழாகிவிடும்.

'புதையல் படம்' என்றும் சொல்ல முடியாது. 2007இல் வந்த இந்திப் படம் 'தமால்' அதே டபிள்யூவைக் கோவாவுக்குக் கொண்டுபோய்ப் பத்துக் கோடி ரூபாயைப் புதைத்தது, அதற்குப் பொருந்தும். 'ரேட் ரேஸ்' (2001) படத்தில் பணம் மண்ணுக்குள் இல்லை. நியூ மெக்சிகோவின் சில்வர் சிட்டியில் ஒரு லொக்கரில் 20 லட்சம் டொலர் இருக்கிறது, லாஸ் வேகாசிலிருந்து ஓடிப் போய் எடுக்க வேண்டும். யார் வெல்வார் என்று பணக்காரர்கள் பணம் கட்டுகிறார்கள். தங்கச்சி சொன்ன 'பந்தயம்' இந்தப் படத்துக்கு அழகாகப் பொருந்துகிறது, ஓடுவதும் பந்தயம், பணம் கட்டுவதும் பந்தயம். தமிழில் ஒரே சொல் இரண்டையும் பிடித்துவிடுகிறது. ஆனால் 'பந்தயப் படம்' என்றால் கேட்பவர் மனதில் குதிரையோ ரேஸ் காரோதான் வரும்.

'மேட்' என்பதற்கு எங்கள் பேச்சில் உள்ள 'விசர்' (பைத்தியம்) எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் 'விசர்ப் படம்' என்று இங்கே சொன்னால் "சரியில்லாத படம், பார்க்காதே" என்று அர்த்தம். உண்மையாகவே மனநோயால் துன்பப்படுகிறவர்களை நோக்கி எறியப்படும் சொல்லும் அதுதான். விட்டுவிடுவோம்.

என் முன்மொழிவு 'விழுந்தடி படம்'.

மின்சாரம் இல்லாத காலத்தில் ரிவி, டெக் (வீடியோ பிளேயர்), ஜெனரேற்றர் எல்லாம் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்துத்தான் அந்த 1963 படத்தை முதலில் பார்த்தேன். செத்துப்போகிறவனின் கால் ஒரு வாளியை உதைக்கும். சாவதை ஆங்கிலத்தில் 'வாளியை உதைப்பது' என்பார்கள், பகிடி அதுதான். எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. வாளி உருண்டதைப் பார்த்தே சிரித்தோம். பிறகு முழுப் படமும் அப்படித்தான் போனது, வசனம் விளங்காமல், ஓடுவதையும் விழுவதையும் பார்த்துக்கொண்டு. அம்மம்மா ஒரு தரம் சொன்னார், "எல்லாரும் விழுந்தடிச்சு ஓடுதுகள்." விழுவது, அடிபடுவது, அவசரம், வெட்கம் மறந்த ஆசை எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. 2022 தட்டுப்பாட்டில் பெற்றோல் வந்திட்டுதாம் என்று கேள்விப்பட்டு நாங்கள் ஓடியதற்கும் இதே சொல்தான்.

இலக்கணம் பற்றிக் கேட்பீர்கள். 'கண்டுபிடி' ஒரே வினையாக நின்று 'கண்டுபிடிப்பு' ஆனதுபோல 'விழுந்தடி'யும் ஒரே வினை. 'விழுந்தடிப்பு' என்று பெயராக்கலாம், ஆனால் 'விழுந்தடிப்புப் படம்' வாயில் தடக்குகிறது. 'விழுந்தடி படம்' வினைத்தொகை, ஆகவே இடையில் ப் போட வேண்டாம், 'சுடுகாடு' என்பதில் க் இல்லாததுபோல. படமா விழுந்தடிக்கிறது என்று கேட்டால், 'உண்கலம்' என்பதில் கலமா உண்கிறது?

இரசாயனவியல் எங்களுக்கும் வேதியியல் உங்களுக்குமாகப் பிரிந்து நிற்கிற நிலை இந்தச் சின்னச் சொல்லுக்கும் வரக்கூடாது என்று ஆசைப்படுகிறேன். விழுந்தடித்து ஓடுவது தமிழ்நாட்டிலும் பேச்சில் இருக்கிறது என்பதை அண்ணா உறுதிப்படுத்துவார். மட்டக்களப்பிலும் மலையகத்திலும் இருப்பவர்கள் உங்கள் வீட்டில் இப்படிச் சொல்வார்களா, வேறு சொல் இருக்கிறதா என்று எழுதுங்கள். இதைவிடப் பொருத்தமாக ஒன்று அங்கே புழக்கத்தில் இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம்.